கார்டு யார் கழுத்தில்

டீவியில் அன்றைக்கும் அதே சண்டைதான். கோட்டு போட்ட நாலு பேர் உட்கார்ந்துகொண்டு, பேப்பர் இல்லாமல் வந்தவர்களை என்ன செய்வது என்று மேஜையைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர், எல்லாரையும் பிடித்துத் திருப்பி அனுப்பு என்றார். இன்னொருத்தர், அனுப்பிவிட்டால் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை நீ துவைப்பாயா என்று கேட்டார்.

"அனுப்பத்தான் வேணும்," என்றேன் நான். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வராது. "நாங்க என்ன முட்டாளா? வருஷக்கணக்கா வரிசையில நின்னு, கேட்ட தாளை எல்லாம் கொடுத்து, ரத்தம் கேட்டப்ப ரத்தத்தையும் கொடுத்துல்ல உள்ள வந்தோம்? பின்வாசல்ல வந்தவனுக்கும் எனக்கும் ஒரே மரியாதைன்னா வரிசை எதுக்கு?"

என் நாத்தனார் தரையில் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்: "அப்ப நான், அண்ணி?"

"நீ வேற."

"எப்படி வேற?"

"நீ என் நாத்தனார்டி. உன்னையும் அவங்களையும் ஒண்ணாவா வைப்பேன்?"

சோபாவில் படுத்திருந்த என் புருஷன் சிரித்தார். "இதை அப்படியே டீவியில போய்ச் சொல்லு. சட்டத்தை மாத்திடுவாங்க," என்றார். நானும் சிரித்துவிட்டேன். நாத்தனார் மட்டும் துண்டின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

அவள் எங்கள் வீட்டுக்குச் சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தாள். அதற்கான அனுமதி முடிந்தபோது திரும்பிப் போக அவளுக்கென்று ஊரில் ஒரு நாதியும் இல்லை. கட்டியவன் வேறு ஒருத்தியோடு போய்விட்டான், பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். "இருந்துட்டுப் போறா, விடுங்க," என்று சொன்னவளே நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

நான் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவைக் கூடம். சுற்று வட்டாரத்து ஆஸ்பத்திரி விரிப்புகள் எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கேதான் வரும். ரத்தமும் மருந்துமாக வருவதை வெளுத்து, கொதிக்கிற தேய்ப்பு உருளையில் விட்டு எடுத்து, மடித்து அனுப்ப வேண்டும். உள்ளே போனால் தலைக்குத் தொப்பி, வாய்க்கு முகமூடி, கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் ஏப்ரன். கண் மட்டும்தான் வெளியே தெரியும். அந்தக் கண்ணையும் யார் பார்த்தார்கள்?

முன்பு வாசலில் விரல் வைக்கிற மிஷின் ஒன்று இருந்தது. பிளீச்சிலும் சூட்டுத் துணியிலும் கையை விட்டு விட்டு எங்களுக்கு விரலில் ரேகையே போய்விட்டது. பெரிய விரலை வைத்தாலும் சிவப்பு விளக்கு, சின்ன விரலை வைத்தாலும் சிவப்பு. வெறுத்துப்போய் நிர்வாகம் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அவரவர் குடியிருப்புக் கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள் என்றது. அன்றைக்குத்தான் எனக்கு இந்த யோசனை வந்தது.

காலை ஷிப்டு எனக்கு, மதிய ஷிப்டு நாத்தனாருக்கு. ஷிப்டு மாறும்போது உடை மாற்றும் அறையில், அழுக்கு மூட்டைகளுக்குப் பின்னால், நான் என் கார்டைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டுவேன். என் மூக்குக் கண்ணாடியையும் கொடுப்பேன். பிறகு அவள் உள்ளே வந்த வழியாகவே, லாரி வந்து நிற்கிற பின்பக்கமாக, வெளியே போய்விடுவேன். கம்பெனிக் கணக்கில் இரண்டு ஷிப்டும் பார்க்கிறவள் ஒருத்திதான். சூப்பர்வைசர் எனக்கு 'இரும்பு' என்று பேரே வைத்துவிட்டாள். "எல்லாருக்கும் இடுப்பு ஒடியுது, இரும்புக்குக் கொட்டாவிகூட வர்றதில்லை பாரு," என்பாள். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

சட்டம் எல்லாம் நான் போட்டதுதான். கார்டு கழுத்தில் ஏறினால் நீ நான். என் பிறந்த தேதி உன் பிறந்த தேதி, என் அம்மா உன் அம்மா. கார்டு இறங்கினால் நீ யாருமில்லை. யார் பேரைச் சொல்லிக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வேண்டும். இது அவளுக்கு மட்டும் இல்லை, எனக்கும்தான். ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இரண்டு பேர் 'நான்தான் அவள்' என்று நின்றால் குடும்பமே தொலைந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளைப் பழக்கினேன். சமைக்கும்போது கேட்பேன், தலை பின்னும்போது கேட்பேன். "எந்தப் பல் பிடுங்கினே? கல்யாணம் எந்த மாசம்?" ஒரு நொடி தயங்கினால் கரண்டியைத் தூக்குவேன்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. கார்டு அவள் கழுத்தில் இருக்கும்போது பின்னாலிருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். நான் திரும்பிவிட்டால் அன்றைக்குப் பாத்திரம் என் தலையில். முதலில் நாலைந்து தடவை திரும்பித் தோற்றேன். அப்புறம் திரும்பவில்லை. ஒருநாள் கடையில், கார்டு என் கழுத்திலேயே இருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பேர் சொல்லி மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். எனக்குக் காதில் விழுந்தது. யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்துச் சாமானைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு தடவை உருளையில் பட்டு அவளுக்கு மணிக்கட்டில் சுட்டுவிட்டது. கட்டுப் போட வேண்டியதாயிற்று. மதியம் கட்டோடு இருந்தவள் மறுநாள் காலையில் கட்டில்லாமல் வந்தால் சூப்பர்வைசர் விடுவாளா? அதனால் நானும் அதே கையில் அதே இடத்தில் கட்டுப் போட்டுக்கொண்டேன். அவளுக்கு ஆறியதும் இரண்டு பேரும் சேர்ந்தே பிரித்தோம். என் மணிக்கட்டில் சிவப்பாக, நீளவாக்கில் ஒரு தழும்பு இருந்தது.

"இறுக்கிக் கட்டினதுல வந்திருக்கும்," என்றார் என் புருஷன்.

"ஆமா, இறுக்கிக் கட்டினதுதான்," என்றேன் நான். நாத்தனார் தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே நீளம். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு வீட்டில் சில சமயம் திக்கென்றிருக்கும். நான் திட்ட வாயெடுப்பேன், அதற்குள் அதே திட்டு சமையலறையிலிருந்து கேட்கும். என் இழுப்பு, என் 'சனியனே' எல்லாம் அச்சாக அப்படியே. என் மகளுக்கு ஆறு வயது. அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தோம், வெளியே போனால் கார்டு போட்டிருக்கிறவங்கதான் அம்மா என்று. அவளுக்கு அது விளையாட்டு. வீட்டுக்குள்ளும் விளையாட ஆரம்பித்தாள். கார்டை ஆணியில் மாட்டிவிட்டால் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு யாரையும் எப்படியும் கூப்பிடாமல் நிற்பாள். "இது என்னடி புதுசா?" என்று அதட்டுவேன். யார் அதட்டினது என்பது போல அப்போதும் இரண்டு பேரையும் பார்ப்பாள்.

ரெய்டு வந்தது நல்ல வெயில் நேரத்தில். ஷிப்டு மாறுகிற நேரம். நான் கார்டைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டு, கண்ணாடியைக் கொடுத்து, என் தொப்பியை உருவினேன். உருளைகள் ஓடுகிற சத்தம் திடீரென்று நின்றுவிட்டது. அந்தக் கூடத்தில் அந்தச் சத்தம் நின்று நான் கேட்டதே இல்லை. அடுத்த நிமிஷம் கதவைத் தள்ளிக்கொண்டு குடியேற்ற அதிகாரிகள் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். பின்னாலேயே சூப்பர்வைசர், முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரி கையில் வேலையாட்களின் பெயர்ப் பட்டியல் இருந்தது. என்னைப் பார்த்து, என் முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "அது நீங்கள்தானே?" என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அது என் பெயர் என்பதே அந்த நொடியில் எனக்கு உறைக்கவில்லை. கார்டு இறங்கிவிட்டது, யாரோ பேர் சொல்லிக் கேட்டார்கள், வாய் தானாக இல்லை என்றது. அவர் தலையைத் திருப்பி நாத்தனாரைக் கேட்டார்.

"நான்தான்," என்றாள் அவள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. கார்டைத் தூக்கிக் காட்டினாள். போட்டோவையும் அவளையும் பார்த்தார்கள். அந்தப் போட்டோ நான் ஒல்லியாக இருந்தபோது எடுத்தது. பிறந்த தேதி கேட்டார்கள், சொன்னாள். அம்மா பேர் கேட்டார்கள், சொன்னாள். கையடக்க மிஷினில் விரலை வைக்கச் சொன்னார்கள், சிவப்பு. "இங்க எல்லாருக்கும் அப்படித்தான் சார்," என்று சூப்பர்வைசர் குறுக்கே விழுந்து சொன்னாள். "இவ எங்க இரும்பு. இவளைச் சந்தேகப்பட்டா நான் கம்பெனியையே மூடணும்."

"அப்படியானால் இவர் யார்?" என்று என்னைக் காட்டி நாத்தனாரையே கேட்டார் அதிகாரி.

அவள் என்னைப் பார்த்தாள். என் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"என் நாத்தனார் சார்," என்றாள். "என் வீட்டுக்காரரோட தங்கச்சி. பேப்பர் கிடையாது. இங்க எல்லாம் வராதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேக்கலை." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அழுதால் எப்படித் துடைப்பேனோ அப்படி, உள்ளங்கையை மேலே தூக்கி.

அதிகாரிக்கு அவள்மேல் மரியாதை வந்துவிட்டது. "சொந்தக்காரி என்றும் பார்க்காமல் உண்மையைச் சொன்னீர்கள். முறையாக வந்தவர்கள் இப்படித்தான் இருக்க வேண்டும்," என்று அவள் கையைக் குலுக்கினார். நான் டீவி முன்னால் உட்கார்ந்து பேசினது எல்லாம் இதுதானே! இதையேதான் பேசினேன்!

வண்டியில் ஏற்றும்போதுதான் எனக்கு உயிர் வந்தது. "நான்தான் அது! அந்தப் பேரு என் பேரு! அந்தக் கார்டு என் கார்டு!" என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் இருந்த அதிகாரி சின்னப் பையன், நல்லவன். "பத்து நிமிஷம் முன்னால் கேட்டோமே, நீங்கள்தானே இல்லை என்றீர்கள்?" என்றான். என் விரல்களையும் மிஷினில் வைத்தான். பத்தும் சிவப்பு. அடையாளம் எழுதிக்கொள்ள என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மணிக்கட்டில் தழும்பு என்று எழுதினான்.

தடுப்பு முகாம் சுத்தமாகத்தான் இருந்தது. குறை சொல்ல மாட்டேன். சுவர் எல்லாம் வெளிர் பச்சை. கட்டில் விரிப்பு மட்டும் எனக்குப் பார்த்த உடனே தெரிந்துபோயிற்று, எங்கள் கூடத்து மடிப்பு. முகர்ந்து பார்த்தேன், எங்கள் பிளீச். ஓரத்தை உள்ளே தள்ளி மடிக்கிற அந்த வழக்கம் எனக்கும் நாத்தனாருக்கும் மட்டும்தான் உண்டு. இந்த விரிப்பை மடித்தது நானா அவளா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

விசாரணை செய்கிற அம்மாள் வீடியோத் திரையில் வந்தாள். நான் வேறு ஆள் என்று சொன்னேன். அவள் அலுத்துக்கொள்ளாமல் கேட்டாள். பிறகு சொன்னாள்: "இந்தக் கட்டடத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நீங்கள் வேறு ஆள் என்று வெளியே இருக்கிற ஒருவர் வந்து சொல்லட்டும். ஒருவர் போதும்."

ஒருவர் போதும். எனக்கு ஒருவர் இருக்கிறார். என் புருஷன்.

அவர் வந்தபோது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போனை எடுத்தார். சட்டை தேய்த்திருந்தது. நான் எப்போதும் செய்வது போலக் கைப்பகுதியில் இரட்டைக் கோடு வராமல் தேய்த்திருந்தது.

"வக்கீலைப் பாத்தேன்," என்றார் மெதுவாக. "நீதான் என் பொண்டாட்டின்னு நான் சொன்னா, அவளை உடனே தூக்கிடுவாங்க. அது மட்டும் இல்லை. கார்டை இன்னொருத்திக்குக் கொடுத்தது குற்றம். உன் கார்டு ரத்து. உன்னை வச்சு வந்ததுதான் என்னோடதும் பாப்பாவோடதும். எல்லாம் போயிடும். நாலு பேரும் பிளேன் ஏற வேண்டியதுதான்."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா ஒருத்தி."

"அந்த ஒருத்தி நான்!"

"கத்தாதே," என்றார். கண் கலங்கியிருந்தது. "எனக்கு மட்டும் இது பிடிச்சிருக்கா? வீட்டுக்குள்ள போகவே பயமா இருக்கு. ரெண்டு நாள் முன்னாடி வீட்டுக்கு விசாரிக்க வந்தாங்க. அவ நீயாவே நல்லாப் பேசினா. அவங்க போன பிறகும் அவ கார்டைக் கழட்டலை. குளிக்கறப்பவும் கழட்டறதில்லை. என்னை 'என்னங்க'ன்னு கூப்பிடறா. நான் கூடத்துல படுத்துக்கறேன். 'எதுக்கு இப்படிப் பண்றே, கதவு சாத்தியிருக்கு, நான் உன் அண்ணன்'னேன். 'விளையாடாதீங்க, உங்க தங்கச்சியை நினைச்சு நீங்க ரொம்ப நொந்துபோயிருக்கீங்க'ங்கறா."

"நடிக்கறா. பயத்துல நடிக்கறா," என்றேன்.

"அப்படித்தான் நானும் நினைக்கறேன்," என்றார். நினைக்கிற முகமாக அது இல்லை.

"பாப்பா என்ன சொல்றா? என்னைக் கேட்டு அழறாளா?"

அவர் போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "அத்தை எங்கேன்னு கேக்கறா," என்றார்.

நேரம் முடிந்துவிட்டது என்று காவலாளி அவர் தோளைத் தட்டினான். எழுந்து நின்றவர், வாயைத் திறந்து என் பேரைச் சொல்லப்போனார் என்று நினைக்கிறேன். சுற்றுமுற்றும் பார்த்தார். சொல்லாமல் போய்விட்டார்.

நாளைக்குக் காலையில் எனக்குப் பிளேன் என்று இன்றைக்குச் சொன்னார்கள். போவதற்கு முன்னால் ஒரே ஒரு போன் பேசலாம். சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள் என்று கணக்குப் போட்டுக் கூப்பிட்டேன். முகாம் தாழ்வாரத்துச் சுவரில் போன். மேலே பேச்சு பதிவு செய்யப்படும் என்று பெரிதாக எழுதியிருந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல்காரம்மா ஒருத்தி.

போனை எடுத்தது என் மகள்தான்.

"தங்கம்! அம்மா பேசறேன்டி!" என்றேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

"அம்மா துணி மடிக்கறாங்க," என்றாள்.

"இல்லைடி, நான்... நல்லாக் கேளு. இந்தக் குரலு யாரு குரலு?"

அப்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "யாருடி போன்ல? சனியனே, ஹோம்வொர்க் எழுதாம அங்க என்ன பேச்சு?" என் குரல். என் தொண்டையிலிருந்து வருவதுபோல, என் கோபத்தோடு, கடைசிச் சொல்லில் நான் இழுக்கிற இழுப்போடு. நான் கையால் என் வாயைப் பொத்திக்கொண்டேன், அது நான் பேசியதோ என்று.

காவல்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அப்போதுதான் சுவரில் எழுதியிருந்தது திரும்பக் கண்ணில் பட்டது. என் மகள் இப்போது ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால், யாரோ ஒரு அறையில் உட்கார்ந்து கேட்பார்கள். நாளைக்கு அவள் பள்ளிக்கூடத்துக்கு ஆள் வரும். அவள் பை, அவள் டீச்சர், ஜன்னல் ஓரம் அவள் கட்டில், எல்லாம் போகும். எங்களோடு சேர்ந்து அவளும் இப்படிப் பச்சைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"நீங்க அத்தைதானே?" என்று கேட்டாள் என் மகள்.

சமர்த்தாகச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்கே தெரியவில்லை.

"ஆமாம் கண்ணு," என்றேன். "அத்தைதான்."

"அம்மாகிட்ட கொடுக்கவா?"

"வேண்டாம்மா. அவங்க வேலையா இருக்காங்கல்ல. நீ அம்மாவை நல்லாப் பாத்துக்கோ."

"சரி அத்தை," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.